சேர்வராயன் மலையில் புல் பார்த்த நான்கு நாள்

முதல் நாள், கஞ்சமலை அடிவாரம்

அண்ணன் மகள் அரிசோனாவிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. டூசான் நகரத்தில் பாலைவனத் தாவரங்களைப் பற்றி மேற்படிப்பு படிக்கிறாள். கோயில் கேட்பாள், சேலத்து வெண்பட்டு கேட்பாள் என்று எங்கள் அம்மா மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"அத்தை, இங்க கொழுக்கட்டைப் புல் எங்க பாக்கலாம்?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில், செடி கரியமில வாயுவைப் பிடிக்கிற வழியை வைத்து, சி-3 தாவரம், சி-4 தாவரம் என்று இரண்டு பத்தி போட்டு வேறுபாடு எழுதச் சொல்வோம். பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். அந்த வேறுபாட்டை மண்ணில் நின்று ஒரு முறையாவது பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை. அதனால் நான்கு நாள் விடுப்பு போட்டேன். கீழே கஞ்சமலையில் தொடங்கி மேலே சேர்வராயன் கோயில் வரை புல் பார்த்துக்கொண்டே போவது என்று முடிவு. ஒவ்வொரு நாள் இரவும் இங்கே எழுதுகிறேன்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தது. சித்தர் கோயிலைத் தாண்டி, மலையை ஒட்டிய மேட்டுக்காட்டில் இறங்கினோம். கஞ்சமலை இரும்புக் கல் மலை. வெயில் ஏறினால் பாறையில் கை வைக்க முடியாது. பத்து மணிக்கே நான் கொண்டுபோன வெப்பமானி நிழலில் 31 காட்டியது. ஒரு ஆயா பத்துப் பதினைந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ஆயா, கொழுக்கட்டப் புல்லு இந்தப் பக்கம் இருக்குங்களா?"

"நிக்கறதே அதுலதான கண்ணு!"

குனிந்து பார்த்தோம். முழங்கால் உயரத் தூர், சாம்பலும் ஊதாவும் கலந்த பஞ்சு போன்ற கதிர். அண்ணன் மகள் அடித்தூரை இறுகப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தைப் பார்த்து ஆயா பதறிவிட்டார். "புடுங்கிப்புடாத சாமி! இது இருந்தாத்தான் ஆடு தலையத் தூக்காம மேயும். எத்தன மாசம் காஞ்சாலும் வேரு சாகாது. ஒரு தூத்தல் போட்டா மறுக்கா பச்ச கட்டிரும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "பழக்கம் அத்தை" என்றாள். "அங்க சனிக்கிழமை ஆனா கடப்பாரை எடுத்துட்டு மலையேறி இதைத்தான் தோண்டி எடுப்போம்."

அப்புறம் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கொழுக்கட்டைப் புல்லின் தாயகம் ஆப்பிரிக்காவிலிருந்து மேற்காசியா வழியாக நம் நாடு வரை நீள்கிறது. 1930, 40களில் மாட்டுத் தீவனத்துக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பெரும் பரப்பில் விதைத்தார்கள். மேய்ச்சல் நிலத்தை விட்டு அது மலைச் சரிவுகளில் ஏறியது. டூசானைச் சுற்றியுள்ள சொனோரா பாலைவனத்தில் சவாரோ என்று ஒரு கள்ளி உண்டு. தூண் மாதிரி நிற்கும், நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வாழும், முதல் கிளை விடவே ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண். அதனால் தீப்பிடித்தாலும் பரவ வழியில்லாமல் இருந்தது. இந்தப் புல் அந்த இடைவெளியை எல்லாம் நிரப்பிவிட்டது. காய்ந்தால் நல்ல எரிபொருள். எரிந்தாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தீயையே கண்டிராத சவாரோ கருகினால் கருகியதுதான். 2005இல் அரிசோனா மாநிலம் இதைத் தீங்குக் களை என்று அறிவித்தது.

ஆயாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்க மேயறதுக்கு ஆடு இல்லீங்களா?" என்று கேட்டார். அண்ணன் மகள் நோட்டை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள்.

என் மனதில் ஓடியது வேறு கேள்வி. எத்தனையோ நாட்டு விதைகள் எத்தனையோ இடத்துக்குப் போகின்றன. முக்கால்வாசி முளைத்து மடிந்துவிடும். கஞ்சமலைப் புல்லுக்கு அரிசோனா மலை எப்படிச் சொந்த ஊர் மாதிரி ஆனது?

"அங்கயும் கோடையில மழை வரும் அத்தை. அதுதான் காரணம். மீதிய நாளைக்கு மலையில காட்டறேன்" என்றாள்.

இரவு திண்ணையில் உட்கார்ந்து இன்னொன்றும் சொன்னாள். டூசானிலும் பீனிக்ஸிலும் வீட்டு முன் புல்தரைக்கு அருகம்புல்தான் போடுவார்களாம். நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. கோடை 40 டிகிரியில் பச்சைப் பசேலென்று இருக்கும். குளிர் வந்ததும் பழுத்து வைக்கோல் நிறமாகித் தூங்கிவிடும். ஆகவே அக்டோபரில் அதன் மேலேயே ரைகிராஸ் என்ற குளிர்நாட்டுப் புல் விதையைத் தூவுவார்கள். குளிர் முழுக்க அது பச்சை. வெயில் ஏறினதும் அது கருகும், அருகு எழுந்துகொள்ளும். அதே தரைதான், அதே குழாய்த் தண்ணீர்தான்.

"தண்ணிக் குறைச்சல் இல்லையே, அப்புறம் எதுக்கு அத்தை ஆள் மாறுது?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். பாடம் நடத்துகிறவளுக்கே வீட்டுப்பாடம்.

இரண்டாம் நாள், இருபது வளைவுகள்

சித்தப்பா மகன் கார் கொடுத்தான், அவனே ஓட்டினான். கோரிமேடு தாண்டி அடிவாரம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. எங்கள் நோட்டில் வளைவு எண் போட்டுப் புல் எழுதினோம்.

கீழ் வளைவுகளில் முள்காடு. சாலையோரம் ஊசிப்புல் கதிர் முற்றி நின்றது. கதிரின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிச் சடை போட்டிருக்கும். ஈரம் பட்டால் அந்த வால் சுழலும், காய்ந்தால் திரும்பிச் சுழலும், அப்படிச் சுழன்றே விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்ளும். ஒரு விதையை நனைத்து உள்ளங்கையில் வைத்தோம். அது மெல்லப் புரண்டபோது கார் ஓட்டிய தம்பி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இதே ஊசிப்புல் அரிசோனாவிலும் இயல்பாகவே உண்டாம். இது அங்கே களை இல்லை, அந்த ஊர்ப் புல்லாகவே எண்ணுகிறார்கள்.

நடுவளைவுகளில் சுக்குநாறிப் புல். கசக்கி முகர்ந்தால் இஞ்சியும் எலுமிச்சையும் கலந்த வாசனை. அதற்கு மேல் மூங்கில் புதர்கள். பத்தாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டோம். பிறகு சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பி.

தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் அனுமதி வாங்கி உள்ளே போனோம். வெயில் அங்கே காசு காசாகத்தான் தரையில் விழுந்தது. அந்த நிழலில் ஒரு மெல்லிய புல், அகன்ற சிறு இலை, இலையில் லேசான அலை. காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அக்காவிடம் பெயர் கேட்டேன். "அது சும்மா புல்லுதானுங்க" என்றார். தாவரவியலில் ஓப்லிஸ்மெனஸ்.

இங்கேதான் அண்ணன் மகள் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு ஃபோல்ட்ஸ்கோப். காகிதத்தை மடித்துச் செய்கிற நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாகக் காட்டும். நான் வீட்டிலிருந்து ஒரு கேரட்டும் புது பிளேடும் கொண்டுபோயிருந்தேன். கேரட்டை நடுவில் பிளந்து, இலைத் துண்டை அதில் செருகி, கேரட்டோடு சேர்த்து மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். முதல் பத்து சீவல் தடித்துப்போகும். பதினொன்றாவது சரியாக வந்தது.

முதலில் ஊசிப்புல். இலையின் நரம்பு ஒவ்வொன்றையும் சுற்றிப் பெரிய பெரிய செல்கள் வட்டமாக நின்றன. அடர்பச்சை. அதைச் சுற்றி இன்னொரு வட்டம். நரம்புகள் நெருக்கமாக, ஒரு மாலைக்குப் பக்கத்தில் அடுத்த மாலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாபர்லாண்ட் என்ற தாவரவியலாளர் இதைப் பார்த்து 'கிரான்ஸ்' என்று பெயர் வைத்தார். ஜெர்மன் மொழியில் மாலை, வளையம் என்று பொருள். அது எதற்காக என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எத்தனையோ வருடம் படத்தில் காட்டி அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்திருக்கிறேன். சாலையோரத்தில் நானே பறித்த இலைக்குள் அந்த மாலையைப் பார்த்தபோது கண் கலங்கியதை மறைக்கவில்லை.

அடுத்து நிழல்புல். நரம்புகள் தள்ளித் தள்ளி. சுற்றிலும் இருந்த செல்கள் வெளிறி, மாலை கட்டாமல் இருந்தன. இடையில் எல்லாம் பச்சை ஒரே சீராகப் பரவிக் கிடந்தது. கீழே பார்த்த மூங்கிலும் இந்த வகை.

என் மாணவர்களுக்கு இனி இதை இப்படித்தான் சொல்லப் போகிறேன். இலைக்குள் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைக்கு அனுப்புகிற நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். கல்யாணப் பந்தியில் இலை போடுகிற ஆள் மாதிரி. அவருக்கு ஒரு குறை, ஆள் அடையாளம் தெரியாது. கரியமில வாயு வந்தாலும் இலை போடுவார், ஆக்சிஜன் வந்தாலும் இலை போடுவார். ஆக்சிஜனுக்குப் பரிமாறினால் அந்தச் சாப்பாடு வீண். வீணானதைச் சரிசெய்ய இன்னும் செலவு. இதைத்தான் ஒளிச்சுவாசம் என்கிறோம். குளிர்ந்த வேளையில் தப்பு குறைவு. வெயில் ஏற ஏற இரண்டு விதத்தில் தப்பு கூடும்: நொதியின் பிரித்தறியும் திறன் மங்கும், இலை ஈரத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு ஆக்சிஜனைவிட வேகமாகக் குறையும். நல்ல வெக்கையில் சேர்த்ததில் கால் பங்கு வரை இப்படிப் போய்விடும். நெல், கோதுமை, காப்பி, மா, மூங்கில், இந்த நிழல்புல், எல்லாம் இந்தப் பந்திக்காரர்கள். பிடித்த வாயு முதலில் மூன்று கார்பன் கொண்ட சேர்மமாவதால் பெயர் சி-3.

சி-4 புல்கள் மண்டபத்து வாசலில் இன்னொரு ஆளை நிறுத்திவிட்டன. பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி. அதற்கு ஆக்சிஜனைக் கண்ணிலேயே தெரியாது. கரியமில வாயுவை மட்டும் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, உள்ளறைக்கு அனுப்பும். அந்த உள்ளறைதான் நாங்கள் பார்த்த மாலைச் செல்கள். ரூபிஸ்கோ அங்கே உட்கார்ந்திருக்கும். அறை முழுக்கக் கரியமில வாயு நெருக்கியடிப்பதால் தப்புப் பரிமாற இடமே இல்லை. இன்னொரு ஆதாயம், வாசல்காரர் அவ்வளவு கெட்டி என்பதால் இலைத்துளையை அகலத் திறக்க வேண்டியதில்லை. பாதி திறந்தாலே போதும், தண்ணீர் மிச்சம். ஒரு கிராம் உலர் எடை சேர்க்க சி-3 புல் இழக்கிற தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான் சி-4 புல் இழக்கும்.

இதைக் கண்டுபிடித்ததும் புல்லை வைத்துத்தான். கரும்பு. ஹவாயில் கரும்பு ஆய்வு செய்த கோர்ட்ஷாக் குழு, கரும்பு இலையில் கார்பன் முதலில் போய்ச் சேர்வது மூன்று கார்பன் சேர்மத்தில் இல்லை என்று கண்டது. 1966இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், சர்க்கரை நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் வழி முழுவதையும் விளக்கினார்கள்.

"அப்படி நல்ல வழின்னா எல்லாப் புல்லும் ஏன் அப்படி மாறலைங்க அக்கா?" என்று சித்தப்பா மகன் கேட்டான். நல்ல கேள்வி. வாசல் ஆளுக்குச் சம்பளம் உண்டு. ஒவ்வொரு கரியமில மூலக்கூறுக்கும் கூடுதலாக இரண்டு ஏடிபி, அதாவது செல் செலவழிக்கிற ஆற்றல் மூலக்கூறு. அதற்கு வெளிச்சம் வேண்டும். காப்பி நிழலில் அந்தக் கூலிக்கு வருமானம் இல்லை. குளிரில் அந்த ஆளே தேவையில்லை, பந்தியில் தப்பு நடப்பதே குறைவு. ஆகவே நிழலிலும் குளிரிலும் பழைய வழிக்காரர்கள் கை ஓங்குகிறது. அருகும் ரைகிராஸும் டூசான் புல்தரையில் ஆள் மாறுவதும் இதனால்தான். வீட்டுப்பாடம் முடித்தேன்.

ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டபோது மணி ஆறு. வெப்பமானி 19.

மூன்றாம் நாள், சேர்வராயன் கோயில்

விடிகாலை 15 டிகிரி. கம்பளி போர்த்திக்கொண்டு கிளம்பினோம். மலையின் உச்சி, 1,623 மீட்டர். மேலே சமதரையாகப் பரந்த புல்வெளி, சிவந்த மண், காற்று. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தோம்.

என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. கீழே சி-4, மேலே ஏற ஏறக் குளிர், ஆகவே உச்சியில் சி-3 புல்வெளி. பாடப்புத்தகத்துக்கு ஒரு அழகான படம் கிடைக்கும். கேரட், பிளேடு, காகித நுண்ணோக்கி. முதல் புல், மாலை. இரண்டாவது, மாலை. எட்டு வகை பறித்தோம், எட்டிலும் மாலை. கம்பளி போர்த்தி வந்த இடத்தில் கஞ்சமலைக் கூட்டாளிகளே நிற்கிறார்கள்.

ஏமாற்றமாகத்தான் இருந்தது. அண்ணன் மகள் வெப்பமானியைத் தரையில், புல் நடுவே வைத்தாள். பதினொரு மணி வெயிலில் காற்று 23, புல்லுக்குள் 30ஐத் தாண்டியது. "நாம போர்வையோட வந்த நேரத்துல புல் வேலை செய்யறதில்லை அத்தை. அது வேலை செய்யற நேரத்துல என்ன சூடுன்னு பாக்கணும்."

இதுதான் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம். புல்லுக்கு ஆண்டுச் சராசரி தெரியாது. மழை ஈரம் மண்ணில் இருக்கிற மாதத்தில் வெயில் எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு மாதத்தின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 22 டிகிரிக்கு மேலும், அதே மாதத்தில் குறைந்தது 25 மில்லிமீட்டர் மழையும் இருந்தால் அது சி-4 புல்லின் மாதம் என்று ஆய்வாளர்கள் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்கா முழுக்கப் புல் பட்டியலை எடுத்து டீரி, ஸ்டோவ் இருவரும் 1976இல் பார்த்தபோது, சி-4 புல்லின் பங்கோடு நெருக்கமாக ஒத்துப்போனது வளரும் பருவத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை. கென்யாவில் 2,000 மீட்டருக்குக் கீழே திறந்த வெளிப் புல்லெல்லாம் பெரும்பாலும் சி-4, 3,000 மீட்டருக்கு மேலேதான் சி-3 முழு ஆட்சி. சேர்வராயன் அந்த உயரத்துக்குப் போகவில்லை. இங்கே எல்லைக்கோடு உயரத்தில் இல்லை. காப்பித் தோட்டத்து மரநிழலின் ஓரத்தில் இருக்கிறது. வெயிலிலிருந்து நிழலுக்கு இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.

பாலைவனம் என்றால் சி-4 புல் என்று இத்தனை வருடம் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிதான் சரி. இதை எழுதுவதற்காகவே இன்றைய பதிவு நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வறட்சி மட்டும் புல்லின் வழியைத் தீர்மானிக்கவில்லை. மெக்சிகோவிலும் அதை ஒட்டிய அமெரிக்கப் பகுதியிலும் பரந்த சிவாவா பாலைவனத்தில் மழை கோடையில். அங்கே கிராமா புல், சி-4. அதே அமெரிக்காவில் நெவாடா, யூட்டா பக்கத்துப் பாலையில் ஈரம் வருவது குளிர்காலப் பனியாகவும் மழையாகவும். புல் வளர்வது வசந்தத்துக் குளுமையில். அங்கே மேலோங்கி நிற்பவை சி-3 தூர்ப்புற்கள். இரண்டும் வறண்ட பாலைதான். மழை மட்டும் வேறு பருவம். நம் தார் பாலைவனத்துக்கு மழை தென்மேற்குப் பருவத்தில், வெந்து கிடக்கும் மணலில் விழும். ஜெய்சால்மர் பக்கம் பசுக்களை வாழவைக்கிற சேவண் புல் சி-4. கொழுக்கட்டைப் புல்லும் அங்கே உண்டு. மத்திய ஆசியக் குளிர்ப்பாலையில் ஸ்டைபா வகைகள், சி-3. நமீபியாவின் மணற்குன்றுகளில் ஸ்டிபாகிராஸ்டிஸ், சி-4, அதில் ஒரு இனம் கடல் மூடுபனியைக்கூட இலையில் பிடித்துக் குடிக்கும்.

சொனோரா பாலைவனத்துக்கு மட்டும் இரண்டு மழை. குளிரில் பசிபிக் மழை, ஜூலை முதல் கோடை மழை. ஆகவே ஒரே மண்ணில் இரண்டு குடித்தனம். குளிர்மழைக்கு முளைக்கிற ஓராண்டுச் செடிகள் பெரும்பாலும் சி-3. அவை விதை போட்டுக் காய்ந்த இடத்திலேயே கோடை மழைக்கு சி-4 கூட்டம் எழும். ஒருவர் விதையாகத் தூங்கும்போது மற்றவர் குடியிருக்கிறார். சண்டை இல்லாமல் போய்க்கொண்டிருந்த அந்த வீட்டுக்குள்தான் நம் கொழுக்கட்டைப் புல் போனது. பல்லாண்டுப் புல், கோடை மழையைப் பிடித்துக்கொள்கிற வழி அதற்குள்ளேயே இருக்கிறது, மிதமான குளிரையும் தூரில் தாங்கும். கடும் உறைபனி விழுகிற உயரத்தில் மட்டும் அது நிலைக்காது. மலையில் அது ஏறி நிற்கிற கோடு அதன் குளிர்க்கோடு. அந்தக் கோடு மேலே நகர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

சி-4க்குள்ளேயே உட்பிரிவுகள் உண்டு. நமீபியாவில் ஆய்வு செய்தபோது மழை கூடக் கூட ஒரு பிரிவும், குறையக் குறைய இன்னொரு பிரிவும் மிகுவதைக் கண்டார்கள். அருகம்புல்லும் கேழ்வரகும் இரண்டாவது பிரிவு, வறட்சிக்காரர்கள். கரும்பும் சுக்குநாறியும் முதல் பிரிவு. கொழுக்கட்டைப் புல்லும் அந்த முதல் பிரிவில்தான் சேர்கிறது. மழைக்காரர் கூட்டத்தில் பிறந்து வறட்சியில் வாழ்கிறது. விதிக்கு அடங்காத புல்லை எனக்குப் பிடித்திருக்கிறது.

இறங்கும் வழியில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில் சாமைக் கொல்லை. ஒரு அய்யா வரப்பில் நின்றிருந்தார். அவரிடம் கேட்டு ஒரே ஒரு இலை வாங்கி அங்கேயே சீவிப் பார்த்தோம். மாலை. சாமை, தினை, கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, நம் புன்செய்த் தானியம் அத்தனையும் சி-4. அய்யாவுக்கும் காட்டினோம். வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "நெல்லுல இது இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். நெல்லுக்குள் இந்த மாலையைக் கட்ட முடியுமா என்று 2008 முதல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் பல நாட்டு ஆய்வகங்களும் சேர்ந்து பாடுபடுவதைச் சொன்னேன். "சாமையத் தின்னுட்டுப் போவலாமே" என்றார். அவர் வீட்டில் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுத்தான் கிளம்பினோம்.

மாலையில் தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்கும் போனோம். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தது, 1963இல் தொடங்கியது. மரத்தில் ஒட்டி வாழும் தடித்த இலை ஆர்க்கிட்கள் பல மூன்றாவது வழிக்காரர்கள். பகலில் இலைத்துளையை மூடிவிட்டு இரவில் திறந்து வாயுவைச் சேமிக்கும். நம் பிரண்டையும் சப்பாத்திக் கள்ளியும் அப்படி. சவாரோவும் அப்படியே. புல் குடும்பத்தில் அந்த வழி இல்லை. மூடுபனி வந்துவிட்டதால் அதிகம் நிற்கவில்லை.

இரவு விடுதி அறையில், போர்வைக்குள்ளிருந்து அவள் நீலகிரிக் கதை சொன்னாள். ஊட்டி மலையின் சதுப்பில் மட்கிப் புதைந்த புல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கார்பனில் எடை கூடிய ஒரு வகை உண்டு. சி-3 தாவரம் அதை அதிகம் ஒதுக்கும், சி-4 குறைவாக ஒதுக்கும். ஆய்வு அளவுகோலில் சி-3 மைனஸ் 27 பக்கம், சி-4 மைனஸ் 13 பக்கம். மட்கினாலும் அந்தக் கணக்கு அழியாது. சுகுமார் குழுவினர் 1993இல் அந்தச் சதுப்பு மண்ணை அளந்தார்கள். ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரியில் சி-4 மேலோங்கியிருந்தது தெரிந்தது. பனியுகக் குளிரில் சி-4ஆ என்று நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். அப்போது பருவமழை நலிந்து வறட்சி. காற்றில் கரியமில வாயுவும் பத்து லட்சத்தில் 190 பங்குக்குள்தான், இன்றைக்கு 420ஐத் தாண்டிவிட்டது. பந்திக்கு வருகிற கூட்டம் அவ்வளவு குறைந்தால், வாசலில் நின்று தேடிப் பிடிக்கிற ஆள் வைத்திருப்பவன் பிழைப்பான்.

அப்படியானால் இப்போது கூட்டம் பெருகுகிறதே, சி-3க்கு நல்ல காலமா என்றேன். வாயு கூடுவது சி-3க்குச் சாதகம், வெயில் கூடுவது சி-4க்குச் சாதகம், மழை எந்த மாதத்துக்கு நகரும் என்பது மூன்றாவது கயிறு, மூன்றும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன என்றாள்.

நான்காம் நாள், சேலம்

காலையில் இறங்கிவிட்டோம். பத்தாவது வளைவில் மீண்டும் வெக்கை முகத்தில் அடித்தது. நகரத்தில் தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும். கேரட்டைப் பார்த்ததும் இருவருக்கும் பிளேடு ஞாபகம் வந்தது.

இன்று இரவு அவளுக்கு ரயில், நாளை சென்னையிலிருந்து விமானம். மத்தியானம் பெட்டி அடுக்கும்போது அவளைக் காணவில்லை. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் போட்ட காலுறை, ஷூ லேஸ், பேண்ட் மடிப்பு எல்லாவற்றையும் விரித்து வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசிப்புல் விதை, கொழுக்கட்டைப் புல்லின் பஞ்சு விதை. எடுத்ததை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு எண்ணி, கடைசியில் நோட்டில் எழுதினாள்: கொழுக்கட்டை 43.

ஒன்றுகூட அரிசோனாவுக்குப் போகக் கூடாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஷூவை எடுத்துக்கொண்டேன். நாக்குக்கு அடியில் இரண்டு ஒளிந்திருந்தன. 45 என்று திருத்தினாள்.

அம்மா வந்து கிண்ணத்தைப் பார்த்தார். "இதையெல்லாம் என்ன பண்றது சாமி?"

"அடுப்புல போட்டுடலாமா பாட்டி?"

"நல்ல தீவனப் புல்லு, அடுப்புலயா?" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அம்மா வேலியோரம் போனார். நேற்றிரவு மழையில் அங்கே மண் ஈரமாக இருந்தது. குச்சியால் கீறி, தூவி, காலால் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார். வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன். 32.